‘டிஸ்கனெக்டட் பியர்’: ஒரு சொல் போதுமா?

வணக்கம்.

செய்திப் பரிமாற்ற மென்பொருள்களில், இணைப்பு விட்டுப்போன மறுமுனைக் கருவியையோ பயனரையோ குறிக்கும் ‘டிஸ்கனெக்டட் பியர்’ (disconnected peer) என்பதற்குத் தமிழில் ‘துண்டிக்கப்பட்ட இணை’ என்னும் பரிந்துரையை ஏற்பதில் எனக்குத் தயக்கம் உள்ளது. ‘பியர்’ என்பதை ‘இணை’ என்றால் ‘இணையின் இணைப்பு’, ‘இணை இணைந்தது’ என்றெல்லாம் எழுத நேரும். ‘எதிர்முனை’ என்றால் அந்தக் குழப்பம் இல்லை.

பெரிய தடை ‘துண்டிக்கப்பட்ட’ என்பதில்தான் இருக்கிறது. யாரோ துண்டித்தார்கள், அது நமக்கும் தெரிந்துவிட்டது என்ற பொருளை அது தருகிறது. இணையத்தில் தரவைக் கொண்டுசெல்லும் அடிப்படை நெறிமுறையான டிசிபியின் (TCP) இணைப்பை எதிர்முனை முறைப்படி மூடினால், ‘முடித்துக்கொள்கிறேன்’ என்று அறிவிக்கும் ஃபின் (FIN) பொதி, அதாவது சிறு தரவுத் துண்டு, வந்து சேரும். மின்சாரம் போய்விட்டாலோ கைப்பேசி கோபுரத்தின் எல்லையைத் தாண்டிவிட்டாலோ எதுவுமே வராது. லினக்ஸ் இயங்குதளத்தில், எதிர்முனை இன்னும் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் டிசிபி ‘கீப்அலைவ்’ (keepalive) வசதியை இயக்கி, இயல்பு மதிப்புகளை மாற்றாமல் விட்டால், போக்குவரத்தின்றிக் கிடக்கும் இணைப்பை 7200 நொடிகள் கழித்தே அது சோதிக்கத் தொடங்கும். பின்னர் 75 நொடி இடைவெளியில் 9 முறை கேட்டும் விடை வராதபோதுதான் கைவிடும். அதுவரை, அதாவது இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக, போய்விட்ட ஒருவர் ‘இணைப்பில் உள்ளார்’ என்றே திரையில் தெரிவார்.

கருவிகள் ஒரு நடுவண் சர்வர் வழியாகச் செய்தி பரிமாறப் பயன்படும் எம்க்யூடிடி (MQTT) நெறிமுறை இவ்விரு நிலைகளையும் தெளிவாகப் பிரிக்கிறது. தான் சொல்லாமல் மறைந்தால் வெளியிடும்படி ஒருவர் முன்பே சர்வரிடம் ஒப்படைத்து வைப்பது ‘வில்’ (will) செய்தி. முறைப்படி டிஸ்கனெக்ட் பொதியை அனுப்பிவிட்டுச் சென்றவரின் ‘வில்’ செய்தியைச் சர்வர் நீக்கிவிடும். சொல்லாமல் மறைந்தவரின் செய்தியை மற்றவர்களுக்கு வெளியிடும். எம்க்யூடிடிக்கென்று தனியாக உள்ள கீப்அலைவ் காலத்தை 60 நொடி என்று அமைத்திருந்தால், ஒன்றரை மடங்கான 90 நொடிவரை எந்தப் பொதியும் வராதபோது இணைப்பை மூடும். அந்த ‘வில்’ செய்திக்கு, பத்திரப்பதிவு அலுவலகத்தில் நாள்தோறும் புழங்கும் ‘உயில்’ என்பதையே எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே சொல்லிவிட்டுச் சென்றதை ‘விடைபெற்ற எதிர்முனை’ என்றும், சொல்லாமல் மறைந்ததைத் ‘தொடர்பறுந்த எதிர்முனை’ என்றும் பிரித்து வழங்கலாம் என்பது என் முன்மொழிவு. ‘செயலிழந்த எதிர்முனை’ என்று சொல்வதையும் ஏற்க இயலாது. எதிர்முனை நன்றாக இயங்கிக்கொண்டிருக்க, நடுவில் உள்ள ரவுட்டர் மட்டும் பழுதாகியிருக்கலாம். பயனர் திரைக்குத் ‘தொடர்பில் இல்லை’ என்பதே போதும். பிழையைத் தேடுபவர் படிக்கும் நிகழ்வுப் பதிவுகளில் மட்டும் இந்த வேறுபாட்டை விட்டுக்கொடுக்கக் கூடாது: ‘எதிர்முனை விடைபெற்றது’ என்பது ஒரு வரி, ‘90 நொடியாகப் பொதி எதுவும் வரவில்லை, எதிர்முனையின் தொடர்பு அறுந்ததாகக் கொள்ளப்படுகிறது’ என்பது வேறொரு வரி.