கடல் தண்ணியா, பக்கெட் உப்பா? புதுசா ரீஃப் டேங்க் வைக்கிறவங்கள கெடுக்காதீங்கப்பா

அடையார்_ரீஃபர்:
நேத்து ஒரு தம்பி மூணடி டேங்க்ல ரீஃப் (பவளம் வளக்குற கடல் மீன் தொட்டி) ஆரம்பிக்கணும், என்னென்ன வாங்கணும்னு கேட்டாரு. அதுக்குக் கடல்மகன்னு ஒருத்தர் போட்ட பதில் இது: "சால்ட் மிக்ஸ்லாம் ஏமாத்து வேலை. வண்டிய எடு, கோவளம் போ, கேன்ல மொண்டுட்டு வந்து ஊத்து, மீன விடு, அவ்ளோதான்." இதுக்கு லைக் வேற அள்ளுது. ஆர்ஓ டிஐ தண்ணி (உப்பெல்லாம் எடுத்த சுத்தத் தண்ணி), நல்ல சால்ட் மிக்ஸ் (பக்கெட்ல வர்ற, கடல் தண்ணி செய்யுற உப்புப் பவுடர்), உப்பு அளக்குற ஒரு ரிஃப்ராக்டோமீட்டர், இது மூணும் இல்லாதவங்க ரீஃப் பக்கமே வராதீங்க. தப்பா வழிகாட்டுறதுக்கு சும்மா இருக்கலாம்.

கடல்மகன்:
ஒருத்தர் கிருத்தர்னு எதுக்கு, பேரச் சொல்லியே கூப்பிடு, பயப்படாத. கடல் மீனுக்குக் கடல் தண்ணி ஆகாதாம், கப்பல்ல வர்ற பவுடர்தான் ஆகுமாம். நெம்மேலில கோடி கோடியா கொட்டி இதே கடல்லருந்து உப்ப எடுத்துட்டு தென்சென்னைக்குத் தண்ணி விடுறாங்க, நீ அந்தத் தண்ணிய ஆர்ஓல ஊத்தி மறுபடி காசு குடுத்து உப்பு வாங்கி அதுலயே கலக்குற, கேட்டா சயின்ஸ்னு சொல்ற. மூணடிக்கு ஒன்றரை ஒன்றரைனா 190 லிட்டர் வரும், லிட்டருக்கு 35 கிராம்னு வெச்சா மொத நாளே ஆறரை ஏழு கிலோ காலி, அப்புறம் வாரம் பத்து பர்சென்ட் மாத்து மாத்துனு நீங்களே சொல்றீங்க, படிக்கிற பையன் எங்க போவான் காசுக்கு? அமெரிக்கால மான்டரே பே அக்வேரியத்துல கடல் தண்ணியதான் நேரா பம்ப் பண்ணி விடுறான். அவனுக்கு வெவரம் பத்தாது, உனக்குத்தான் பத்தும். கோவளம் தண்ணி ஊத்தி செத்த ஒரே ஒரு மீன காட்டு, நான் இங்கருந்து போயிடுறேன்.

அடையார்_ரீஃபர்:
மான்டரேல கடலுக்குள்ள தூரத்துல குழாய் போட்டு எடுத்து பகல்ல ஃபில்டர் பண்ணி விடுறான். நீ அலை அடிக்கிற எடத்துல முட்டி அளவுல நின்னுக்கிட்டு மணலும் நுரையுமா மொள்ளுற. அதுவும் கோவளம்! முட்டுக்காடு காயல் கடல்ல சேர்ற எடம் அது. அக்டோபர்ல மழை புடிச்சா டிசம்பர் வரைக்கும் ஊர் சாக்கடையெல்லாம் அது வழியா வந்து விழும், உப்பும் எறங்கிடும். தண்ணி அடர்த்தி 1.025 இருக்க வேண்டியது என்ன இருக்கும்னு உனக்கே தெரியாது.

கடல்மகன்:
மழைக்காலத்துல மொள்ள நான் என்ன கிறுக்கனா? மாசில பங்குனில கடல் கண்ணாடியா இருக்கும், அப்பப் போ, முகத்துவாரத்த விட்டுத் தள்ளித் தெக்க போ. இதெல்லாம் கடல் பக்கம் பொறந்தவனுக்குத் தெரியும், ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு யூடியூப் பாக்குறவனுக்கு எப்பிடித் தெரியும். மறுபடி கேக்குறேன், செத்த மீனு எங்க?

வேளச்சேரி_புதுசு:
அண்ணா அந்தத் தம்பி நான்தான் 🙏 டேங்க் வாங்கிட்டேன், லைட்டும் வேவ்மேக்கரும் இருக்கு. மொதல்ல எந்த மீன் விடலாம்னு மட்டும் சொல்லுங்க. கடைல ப்ளூ டேங்னு ஒரு மீன் காட்டுனாங்க, சூப்பரா இருந்துச்சு.

அடையார்_ரீஃபர்:
பாத்தீங்களா, இவருக்குத்தான் கோவளம் தண்ணிய ஊத்தச் சொல்லி அனுப்புறாங்க.

டெஸ்ட்கிட்_பாபு:
ரெண்டு பேரும் உப்பு அளவு பத்தி பேசுறீங்களே, ரிஃப்ராக்டோமீட்டர எத வெச்சு கேலிப்ரேட் பண்றீங்க? ஆர்ஓ தண்ணில ஜீரோ வெச்சுட்டு அப்பிடியே அளந்தா தப்பா காட்டும். மலிவா கெடைக்கிறதுல பாதி சோடியம் குளோரைடு கரைசலுக்குப் போட்ட ஸ்கேல், கிலோவுக்கு 35 கிராம் உப்பு இருக்குற கடல் தண்ணிக்கு ஒன்றரை ஏறித்தான் காட்டும். 36.5 கிராம் சுத்தமான சோடியம் குளோரைடு, 963.5 கிராம் டிஐ தண்ணி, இத கலக்கி ஒரு சொட்டு விட்டு 35ல செட் பண்ணுங்க. அப்புறம் சண்டை போடுங்க.

கடல்மகன்:
வந்துட்டாருப்பா வாத்தியாரு. பாபு, கடல் தண்ணிய அளக்கவே வேணாம்ங்கிறேன், அது பொறந்ததுலருந்தே கடல் தண்ணி.

டெஸ்ட்கிட்_பாபு:
அளக்காம எப்பிடி 35னு போன மாசம் எழுதுனீங்க?

கடல்மகன்:
நாக்குல வெச்சா தெரியும்.

முத்துநகரான்:
சென்னைக்காரங்க கோவளம் தண்ணிக்கு இம்புட்டு பெருமை பேசுதீயளே, சிரிப்பா வருது. எங்க தூத்துக்குடிப் பக்கம் வந்து ஒரு கேன் மொண்டு பாருங்க, தரை தெரியும். ஆனா கடல்மகன் அண்ணாச்சி, நீங்க சொன்னது அரைகுறை. எங்கூருத் தண்ணியாவே இருந்தாலும் மொண்ட அன்னைக்கே ஊத்த மாட்டோம். கருப்பு டிரம்ல ஊத்தி மூடி ரெண்டு வாரம் இருட்டுல வைக்கணும், கண்ணுக்குத் தெரியாத உசுரெல்லாம் செத்து அடில தங்கும், அதனால அம்மோனியா வேற ஏறும். மேல உள்ளத மட்டும் பைப்புல இழுத்து சாக்ஸ்ல வடிச்சு, ஏர் போட்டு, அம்மோனியா டெஸ்ட் பண்ணிட்டுத்தான் ஊத்தணும். அவசரம்னா ப்ளீச் ஊத்தி, தயோசல்பேட் போட்டு குளோரின எடுக்கணும். "மொண்டு ஊத்து மீன விடு"னு சொன்னா எப்பிடி?

கடல்மகன்:
டிரம்ல வைக்க வேணாம்னு நான் எங்க சொன்னேன்? அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேனு விட்டேன்.

அடையார்_ரீஃபர்:
எல்லாருக்கும் தெரிஞ்சதா? டேங்க் சைக்கிளே ஆகாம ப்ளூ டேங் விடலாமானு கேக்குற பையனுக்கா?

வேளச்சேரி_புதுசு:
அண்ணா சைக்கிள்னா என்ன?

கொளத்தூர்_ஃபிஷ்:
தம்பி, அம்மோனியா ஏறி, நைட்ரைட்டா மாறி, கடைசில நைட்ரேட்டா ஆகணும், அதுக்கு நாலுலருந்து ஆறு வாரம் புடிக்கும். அதுவரைக்கும் மீன் வேணாம், ஒரு எறால் துண்டு போட்டு வைங்க போதும். ப்ளூ டேங் ஒரு அடி வளர்ற மீனு, மூணடி டேங்க்ல வைக்கக்கூடாது. அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் ஜீரோ ஆனதும் ஒரு ஜோடி க்ளௌன் மீன் விடுங்க. சால்ட், டெஸ்ட் கிட் எல்லாம் நம்ம கடைல இருக்கு.

கடல்மகன்:
கடைசி வரில வந்துடுச்சு பாரு விஷயம். கடைக்காரன் கடல் தண்ணிய ஊத்தச் சொல்வானா? நான் அதத்தான் மொதல்லருந்து சொல்றேன். கொளத்தூர்ல மீன் கடை வெச்சிருக்கிற பாதிப் பேருக்கு உப்பு வித்தாதான் வாடகை.

கொளத்தூர்_ஃபிஷ்:
ப்ரோ, மரியாதையா பேசுங்க. உங்க கடல் தண்ணில நல்லா இருக்குறப்ப ஏன் போன வருஷம் ரெண்டு தடவ க்ளௌன் வாங்க வந்தீங்க? மொத ஜோடி என்னாச்சு?

அடையார்_ரீஃபர்:
😂😂😂 "செத்த ஒரே ஒரு மீன காட்டு"

கடல்மகன்:
அது கரெண்ட் போயி செத்தது. நைட்டு பூரா ஏர் இல்ல. தண்ணிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? இதே பக்கெட் உப்பு டேங்கா இருந்தா மட்டும் மீன் மூச்சப் புடிச்சுட்டு இருந்திருக்குமா? பேட்டரி ஏர் பம்ப் அதுக்கப்புறம் உன் கடைலதான வாங்குனேன், அத ஏன் சொல்லல? தண்ணியால செத்தத கேட்டேன், தண்ணியால.

முத்துநகரான்:
ஒரு வார்த்த. சால்ட் மிக்ஸ் வெலைக்கு பயந்து யாரும் கல்லுப்பு போட்றாதீய, போன வாரம் இன்பாக்ஸ்ல ஒருத்தன் கேட்டான். எங்க வீட்டுல உப்பளத்து வேலை பாத்தவங்க இருக்காங்க, அதான் சொல்லுதேன். பாத்தியில கடல் தண்ணி சுண்டச் சுண்ட மொதல்ல ஜிப்சம் அடில படிஞ்சிரும், கால்சியம் பெரும்பாலும் அதுலயே போச்சு. பொறவுதான் உப்பு பூக்கும். மெக்னீசியமும் பொட்டாசியமும் கடைசில மிஞ்சுற கசப்புத் தண்ணில தங்கிரும், அத தனியா வடிச்சு விட்ருவாங்க. கைக்கு வர்றது வெறும் சோடியம் குளோரைடு. பவளத்துக்கு லிட்டருக்கு கால்சியம் 420, மெக்னீசியம் 1300 மில்லிகிராம் கிட்ட வேணும், கல்லுப்புல எங்க இருக்கு?

கடல்மகன்:
பாத்தீங்களா, முத்துநகரான் அண்ணனே சொல்லிட்டாரு, கடல் தண்ணில எல்லாம் இருக்குனு.

முத்துநகரான்:
நான் அத எங்கவே சொன்னேன்? கல்லுப்ப பத்திச் சொன்னேன்.

டெஸ்ட்கிட்_பாபு:
ஒரு நிமிஷம். கடல்மகன் டேங்க்ல கோரலே கெடையாது. மீனும் நாலு கல்லும்தான். அத ரீஃப் டேங்க்னு எப்பிடி சொல்றது? ரீஃப்னா என்னனு மொதல்ல முடிவு பண்ணிட்டு பேசலாமே.

கடல்மகன்:
ஜோவாங்கிற கோரல் வகை இருந்துச்சு. கோவளம் தண்ணிலதான் இருந்துச்சு.

அடையார்_ரீஃபர்:
"இருந்துச்சு." சரி, தண்ணியக் குளிர வைக்கிற சில்லர் இல்லாம ஓட்டுறவரு டேங்க்ல கோரல் எப்பிடி நிக்கும்? மே மாசம் டேங்க் தண்ணி 32 தொடும். ஃபேன் போட்டா ரெண்டு மூணு டிகிரி எறங்கும், அதுவும் தண்ணி ஆவியாகி உப்பு ஏறும், ஆர்ஓ தண்ணி டாப்-அப் பண்ணிட்டே இருக்கணும். இவரு டாப்-அப்புக்கும் கடல் தண்ணி ஊத்துவாரு போல.

கடல்மகன்:
கடலே 30 டிகிரி இருக்கு, அப்புறம் எதுக்குச் சில்லர்? கடலுக்கு யாரு சில்லர் போட்டா?

முத்துநகரான்:
அண்ணாச்சி, அந்த 30ஐத் தாண்டித்தான் மன்னார் வளைகுடால 1998ல, 2010ல, 2016ல பவளம் வெளுத்துச்சு. கடல் சூடானா கடல்லயே சாவுது, உங்க தொட்டில சாவாதா?

அடையார்_ரீஃபர்:
முத்துநகரான் சொல்றது சரி. ஆனா தூத்துக்குடிக்காரங்க பவளத்தப் பத்திப் பேசுறதுதான் கொஞ்சம் இடிக்குது. சென்னைல திருட்டுத்தனமா ஓடுற லைவ் ராக் (கடல்லருந்து உசுரோட எடுக்குற பவளக் கல்லு) எந்தக் கடல்லருந்து வருதாம்?

முத்துநகரான்:
வாய அளந்து பேசும்வே. 2001லருந்து கல் பவளம் வனவிலங்குச் சட்டத்துல மொத அட்டவணைல இருக்கு, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. செத்த பவளத்த எடுத்தாலும் கேஸ்தான். எங்க முன்னோருங்க காலத்துல சுண்ணாம்புக்குனு பவளத்த வெட்டி வெட்டியே 21 தீவுல ரெண்டு தண்ணிக்குள்ள போயிருச்சு, அந்த வலி எங்களுக்குத் தெரியும். நீங்க அடையாறுல குளுகுளுனு உக்காந்துக்கிட்டு வாங்குறதாலதான் எவனோ திருடுதான். உம்ம டேங்க்ல இருக்க கல்லுக்கு பில்லு இருக்கா?

அடையார்_ரீஃபர்:
என்னோடது ட்ரை ராக், உசுரில்லாத காஞ்ச கல்லு. பில் இருக்கு. உங்ககிட்ட ஏன் காட்டணும்?

வேளச்சேரி_புதுசு:
அண்ணா ட்ரை ராக் எவ்ளோ கிலோ வேணும்? அப்புறம் க்ளௌன் கடல்ல புடிச்சது வாங்கலாமா, இல்ல வளத்தது இருக்கா?

கொளத்தூர்_ஃபிஷ்:
குஞ்சு பொரிச்சு வளத்ததையே வாங்குங்க தம்பி, பெல்லட் சாப்பிடும், வியாதி கம்மி. ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்துல சி.எம்.எஃப்.ஆர்.ஐ (மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம்) காரங்களே க்ளௌன் வளத்துக் காட்டிட்டாங்க, இப்ப நெறையப் பேரு பண்றாங்க. வந்த ஒடனே தனித் தொட்டில வெச்சுப் பாருங்க. மருந்துல காப்பர் இருந்தா மெயின் டேங்க் பக்கமே கொண்டு போகாதீங்க, எறால், கோரல் எல்லாம் போயிடும்.

கடல்மகன்:
பேச்ச மாத்தாதீங்க. 1961லயே ஜகார்த்தால லீ சின் எங்னு ஒருத்தர் வெறும் கடல் தண்ணி, லைவ் ராக், ஏர் பம்ப், இத வெச்சே பவளம் வளத்து பத்திரிகைல எழுதுனாரு. அப்ப எங்க இருந்துச்சு உங்க பக்கெட்? இந்தப் பொழப்ப ஆரம்பிச்சு வெச்சதே கடல் தண்ணிதான்.

அடையார்_ரீஃபர்:
அது 1961 ஜகார்த்தா. இது இன்னைக்கு சென்னை. 2023 டிசம்பர்ல எண்ணூர்ல எண்ணெய் மெதந்தது மறந்துடுச்சா?

கடல்மகன்:
எண்ணூர் எங்க, கோவளம் எங்க? மேப்ப பாரு மொதல்ல. அடையாறுல இருந்துக்கிட்டு அடையாறு கடல்ல எங்க கலக்குதுனே தெரியாதவன்லாம் எனக்குக் கடல் பாடம் எடுக்குறான்.

டெஸ்ட்கிட்_பாபு:
ஒரு பாட்டில்ல உங்க கோவளம் தண்ணிய குடுங்க. உப்பு, கால்சியம், நைட்ரேட், பாஸ்பேட் நாலும் ஓசில பாத்துத் தர்றேன். சண்டை முடிஞ்சுடும்.

கடல்மகன்:
உன் டெஸ்ட் கிட் எக்ஸ்பயரி ஆனதுனு ஊருக்கே தெரியும்.

டெஸ்ட்கிட்_பாபு:
யாரு சொன்னா? பேரச் சொல்லுங்க. அடையாரா?

அடையார்_ரீஃபர்:
நான் எங்க சொன்னேன்? ரீஏஜன்ட் பாட்டில் பழசா இருக்குனு மட்டும்தான் சொன்னேன். கடல்மகன், அத விடு, என் ஸ்கிம்மர் (தண்ணி அழுக்க நுரையா எடுக்குற மெஷின்) பம்ப்ப ட்ரையல் பாக்குறேன்னு வாங்கிட்டுப் போனியே, அது எங்க? ஓசித் தண்ணி, ஓசி ஸ்கிம்மர், நல்லா இருக்குப்பா உன் ரீஃப்.

கடல்மகன்:
ஓ, இதுக்குத்தானா இவ்ளோ நீளப் பதிவு? நேராவே கேட்டிருக்கலாமே. அந்தப் பம்ப் மொத நாளே கரகரனு சத்தம் போட்டுச்சு, இம்பெல்லர்ல சுண்ணாம்பு ஏறிக் கெடந்துச்சு, நான்தான் வினிகர்ல ஊற வெச்சு சரி பண்ணேன். அதுக்கு நீதான் எனக்குக் காசு தரணும்.

அடையார்_ரீஃபர்:
சத்தமே இல்லாமத்தான் குடுத்தேன். கொளத்தூர் ப்ரோ சாட்சி, அவர் கடைலதான் கைமாத்துனோம்.

கொளத்தூர்_ஃபிஷ்:
என்ன இதுல இழுக்காதீங்க.