கும்பகோணம் வீட்டுக் குழு: ஸ்டாடிக் ஐபி வாங்க வேண்டுமா?

சனிக்கிழமை

காலை 7:10 – பெரியப்பா
அனைவருக்கும் வணக்கம். கும்பகோணம் வீட்டின் வாசலிலும் கொல்லையிலும் உள்ள கேமராக்களை நான் கோயம்புத்தூரிலிருந்து கைபேசியில் பார்த்துவந்தது உங்களுக்குத் தெரியும். பழைய செம்புக் கம்பி இணைப்பை விட்டுச் சென்ற மாதம் ஃபைபர் இணைப்புக்கு மாறிய நாளிலிருந்து வெளியூரில் எதுவும் தெரிவதில்லை; அந்த வீட்டு வைஃபையில் இருந்தால் மட்டும் படம் வருகிறது. இணைப்புக் கொடுத்தவர், ஸ்டாடிக் ஐபி, அதாவது மாறாத இணைய முகவரி எண், வாங்கினால் சரியாகிவிடும் என்றும் மாதம் 200 ரூபாய் கூடுதலாகும் என்றும் சொல்கிறார். அம்மா தனியாக இருக்கும் வீடு என்பதால் பணத்தைப் பற்றி நான் யோசிக்கவில்லை. ஆனால் எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுக்க மனம் வரவில்லை. முகிலா, உன் வேலையே இதுதானே, சற்று விளக்கமாக எழுது.

காலை 7:32 – முகிலன்
வணக்கம் பெரியப்பா. பணம் கட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடலாம். செந்தில், பாட்டி வீட்டுக்குப் போய் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, வான் (WAN, வெளி இணைப்பு) என்ற பகுதியில் எந்த ஐபி முகவரி இருக்கிறது என்று பார். பிறகு அதே வைஃபையில் இருந்தபடி, நம்முடைய ஐபி என்ன என்று காட்டும் ஏதாவது ஓர் இணையதளத்தைத் திறந்து, இரண்டும் ஒன்றா என்று சொல். முழு எண்ணையும் இங்கே எழுத வேண்டாம், முதல் இரண்டு பகுதிகள் போதும்.

காலை 8:41 – செந்தில்
பாட்டி வீட்டில்தான் இருக்கிறேன், அண்ணா. ரவுட்டரில் 100.72 என்று தொடங்குகிறது. இணையதளம் 103 என்று தொடங்கும் வேறொரு எண்ணைக் காட்டுகிறது.

காலை 8:58 – முகிலன்
நான் சந்தேகப்பட்டது இதைத்தான். 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்கள், இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் வலையமைப்புக்கு உள்ளே மட்டும் பயன்படுத்துவதற்காக 2012ஆம் ஆண்டில் ஒதுக்கப்பட்டவை. அந்த எண்ணைத் தேடி வெளியிலிருந்து எதுவும் வந்து சேராது. 103 என்று தொடங்கும் அந்தப் பொது முகவரியை நம் வீடும் இன்னும் பல வீடுகளும் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்கின்றன; இந்த ஏற்பாட்டுக்கு சிஜிநாட் என்று பெயர். வீட்டிலிருந்து வெளியே போகும் கோரிக்கைக்குப் பதில் சரியாகத் திரும்பி வந்துவிடும், ஏனென்றால் யார் கேட்டார்கள் என்பதை நிறுவனத்தின் கருவி குறித்து வைத்திருக்கிறது. ஆனால் கோயம்புத்தூரிலிருந்து நீங்களாக முதலில் தட்டும்போது, அந்தத் தட்டு எந்த வீட்டுக்கானது என்று அந்தக் கருவிக்குத் தெரிய வழியில்லை. பாட்டி வீட்டு ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கை (வெளியிலிருந்து வரும் தட்டை உள்ளே உள்ள கருவிக்குத் திருப்பிவிடும் அமைப்பை) எவ்வளவு சரியாக அமைத்திருந்தாலும், தட்டு அங்கே வரை வருவதே இல்லை.

காலை 9:05 – பெரியப்பா
அப்படியானால் பழைய இணைப்பில் எப்படி வேலை செய்தது? அதற்கு நான் ஸ்டாடிக் ஐபி எதுவும் வாங்கவில்லையே.

காலை 9:21 – முகிலன்
இந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது, பெரியப்பா. பழைய இணைப்பில் உங்களுக்குக் கிடைத்தது மாறும் முகவரிதான், ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் புதிய எண் வந்திருக்கும். ஆனால் அது உங்கள் வீட்டுக்கு மட்டுமே உரிய பொது முகவரி. எண் மாறும்போதெல்லாம், கேமராப் படங்களைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியே, மாறும் எண்ணை ஒரு நிலையான பெயரோடு இணைத்துவைக்கும் டிடிஎன்எஸ் சேவைக்குத் தகவல் சொல்லிவிட்டதால், நீங்கள் கைபேசியில் போட்டுவைத்த பெயர் எப்போதும் புதிய எண்ணைக் காட்டியது. ஆகவே முகவரி மாறுமா மாறாதா என்பது ஒரு கேள்வி, பொதுவா பகிர்வா என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. இப்போது நாம் இழந்திருப்பது பொது முகவரியை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி ஸ்டாடிக் என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுவதால், எதற்குப் பணம் கட்டுகிறோம் என்பதே வாடிக்கையாளருக்குப் புரியாமல் போகிறது; எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

காலை 9:40 – சித்தப்பா
ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பொது முகவரியைக் கொடுத்துவிட்டால் என்ன, முகிலா? எண்களுக்கா பஞ்சம்?

காலை 10:02 – முகிலன்
உண்மையிலேயே பஞ்சம்தான், சித்தப்பா. 1981இல் வகுக்கப்பட்ட ஐபிவி4 முறையில் ஒரு முகவரிக்கு 32 பிட்டுகள், ஆகவே உலகம் முழுவதற்கும் சுமார் 429 கோடி எண்கள்தான். உலகளாவிய இருப்பில் மீதமிருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஆசிய பசிபிக் பகுதிக்கான ஏப்னிக் அமைப்பு அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று தன் கடைசித் தொகுதியைத் தொட்டது. அன்றிலிருந்து அந்தத் தொகுதியில் ஒரு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 1,024 எண்கள் என்று வரம்பு வைத்து, 2019இல் அதை 512 ஆகக் குறைத்தார்கள். இப்போது தொடங்கும் ஒரு கேபிள் நிறுவனத்தை நினைத்துப் பாருங்கள். பத்தாயிரம் வீடுகளுக்கு இணைப்புக் கொடுக்க ஆசை, கையிலோ 512 எண்கள். ஒரு முகவரிக்கு 65,536 போர்ட் எண்கள் (ஒரே முகவரியில் வெவ்வேறு இணைப்புகளைப் பிரித்தறியும் வாசல் எண்கள்) இருப்பதால், வீட்டுக்குச் சுமார் 2,000 போர்ட்கள் என்று பிரித்தால் 32 வீடுகளை ஒரே முகவரியில் அடக்கலாம். 512 முகவரிகளில் 16,384 வீடுகள். நம் தெருவுக்கு ஃபைபர் வந்ததே இந்தக் கணக்கினால்தான் என்பதால் சிஜிநாட்டை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் இணைப்புக் கொடுக்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும்.

காலை 10:09 – செந்தில்
இணைய விளையாட்டில் எனக்கு நாட் (முகவரிப் பகிர்வு) வகை கட்டுப்பாடானது என்று செய்தி வருவதும் இதனால்தானா, அண்ணா? சில இணையதளங்கள் நான் எதுவும் செய்யாமலே, அளவுக்கு மீறிக் கோரிக்கைகள் வருகின்றன என்று தடுக்கின்றன.

காலை 10:15 – முகிலன்
இரண்டுக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். அந்த முகவரியில் இருக்கும் வேறு யாரோ செய்ததற்கான தடை எல்லோர் மீதும் விழுகிறது.

காலை 10:30 – வசந்தி அத்தை
அப்படியானால் வேறு யாரோ செய்த குற்றத்துக்குக் காவல்துறை நம் வீட்டுக் கதவைத் தட்டுமா? படிக்கவே பயமாக இருக்கிறது.

காலை 10:44 – முகிலன்
பயப்பட வேண்டாம், அத்தை. எந்த நொடியில் எந்தப் பொது முகவரியின் எந்தப் போர்ட்டை எந்தச் சந்தாதாரர் பயன்படுத்தினார் என்ற பதிவைச் சேவை நிறுவனங்கள் பாதுகாக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை. 2021 டிசம்பரில் அதன் காலத்தை 2 ஆண்டுகளாக உயர்த்தினார்கள். எண்ணோடு நேரமும் போர்ட்டும் சேர்ந்தால்தான் ஒரு வீட்டைச் சுட்ட முடியும்.

முற்பகல் 11:20 – சித்தப்பா
என் வீட்டில் வேறு நிறுவனத்தின் இணைப்பு. இரண்டு மாதங்களாக ஒரே எண்தான் இருக்கிறது, அதுவும் பொது எண்ணாகவே தெரிகிறது. கேட்காமலேயே எனக்கு ஸ்டாடிக் கொடுத்துவிட்டார்களா?

பகல் 12:05 – முகிலன்
இல்லை, சித்தப்பா. முகவரி கொடுப்பதில் இரண்டு வழிகள் உண்டு. பாட்டி வீட்டில் இருப்பது பிபிபிஓஇ முறை: ரவுட்டர் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அனுப்ப, நிறுவனத்தின் ரேடியஸ் சர்வர் அவற்றைச் சரிபார்த்து, காலியாக இருக்கும் எண்களின் தொகுப்பிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுக்கும். இணைப்பு அறுந்து மீண்டும் உள்நுழைந்தால் பெரும்பாலும் வேறு எண் வரும். உங்கள் வீட்டில் டிஹெச்சிபி முறையாக இருக்கலாம். அதில் முகவரி குத்தகைக்கு வருகிறது. குத்தகைக் காலத்தில் பாதி கடந்ததுமே ரவுட்டர் புதுப்பித்துத் தரும்படி கேட்கும், சர்வரும் பொதுவாக அதே எண்ணை நீட்டித்துக் கொடுக்கும். ரவுட்டர் அணையாமல் ஓடும்வரை மாதக்கணக்கில் ஒரே எண் நிற்பதற்கு இதுவே காரணம். ஆனால் அது வாக்குறுதி அல்ல. நிறுவனம் தன் தொகுப்பை மாற்றி அமைக்கும் நாளில் அது போய்விடும்.

ஸ்டாடிக் என்பது, அதே ரேடியஸ் சர்வரில் உங்கள் பெயருக்கு எதிரே, இவருக்கு இந்த எண்தான் என்று எழுதிவைக்கப்படும் ஒரு வரி. பெட்டியையோ கம்பியையோ மாற்ற வேண்டியதில்லை, வேகமும் அதனால் கூடாது. ஒதுக்கிவிட்ட எண்ணை, நீங்கள் ரவுட்டரை அணைத்திருந்தாலும், வேறு யாருக்கும் கொடுக்க முடியாது என்பதற்குத்தான் தனிக் கட்டணம்.

பிற்பகல் 1:10 – வசந்தி அத்தை
என் அலுவலகத்தில் வீட்டிலிருந்து கணக்கு மென்பொருளுக்குள் நுழைய வேண்டுமானால் ஐபியைப் பதிவு செய்யச் சொல்கிறார்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது என் எண் மாறிவிடுகிறது, ஒவ்வொரு முறையும் மின்னஞ்சல் எழுதிக் காத்திருக்கிறேன்.

பிற்பகல் 1:18 – முகிலன்
உங்களுக்குத்தான் ஸ்டாடிக் உண்மையாகவே தேவை, அத்தை. எதிர்முனையில் எண்ணைப் பெயர்ப் பட்டியலில் எழுதிவைத்திருக்கும்போது, டிடிஎன்எஸ் உதவாது. அலுவலகம் விபிஎன் (இணையத்தின் வழியே உள்ளே நுழையப் பாதுகாப்பான தனி வழி) கொடுக்குமா என்று முதலில் கேளுங்கள். கொடுத்தால் உங்களுக்கும் அந்தச் செலவு இல்லை.

பிற்பகல் 2:00 – பெரியப்பா
என் விஷயத்துக்கு வா, முகிலா. நான் என்ன கேட்க வேண்டும்?

பிற்பகல் 2:26 – முகிலன்
நிறுவனத்தின் அலுவலகத்துக்கே பேசி, இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். மாறினாலும் பரவாயில்லை, எங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய பொது ஐபிவி4 முகவரி தருவீர்களா? புதிய முகவரி முறையான ஐபிவி6 தருகிறீர்களா? இரண்டாவதை நான் ஆசையோடு கேட்கச் சொல்கிறேன். அதில் முகவரிக்கு 128 பிட்டுகள், பகிர வேண்டிய அவசியமே இல்லை. வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது எண் கிடைக்கும். ஆயினும் டிவிஆரும் உங்கள் கைபேசி இணைப்பும் அதை ஏற்க வேண்டும், ரவுட்டரின் தடுப்பிலும் வழி திறந்துவிட வேண்டும்.

இன்னொன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். பொது முகவரி கிடைத்ததும் முன்பு போல டிவிஆரின் போர்ட்டை உலகத்துக்குத் திறந்துவிடாதீர்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அவற்றைக் கொண்டு, இணையதளப் பெயர்களுக்கு உரிய முகவரி எண்களைச் சொல்லும் டைன் நிறுவனத்தைத் தாக்கியபோது, அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களே திறக்கவில்லை. ரவுட்டரில் வயர்கார்டு விபிஎன் வசதி இருந்தால், வெளியே திறக்க வேண்டியது அந்த ஒரே வாசல்தான். பாட்டி நடமாடும் இடத்தைக் காட்டும் கேமரா அது.

மாலை 5:47 – பெரியப்பா
பேசிவிட்டேன். ஐபிவி6 இன்னும் இந்தப் பகுதிக்குத் தரவில்லையாம். மாறும் பொது முகவரி என்று தனியாக ஒரு திட்டம் அவர்களிடம் இல்லை. பொது முகவரி வேண்டுமானால் ஸ்டாடிக்காகத்தான் தருவார்களாம். சிஜிநாட்டிலிருந்து விலக்கிப் பொது எண் தருவதாகக் குறுஞ்செய்தியில் எழுதி அனுப்பும்படி கேட்டேன், அவ்வாறே அனுப்பினார்கள். பிறகுதான் பணம் கட்டினேன்.

மாலை 5:52 – முகிலன்
எழுத்தில் வாங்கியது மிகவும் நல்லது. சில இடங்களில் 10 என்று தொடங்கும் உள் எண்ணையே நிலையாக ஒதுக்கி ஸ்டாடிக் என்று கொடுத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்; அதனால் உங்களுக்கு ஒரு பயனும் இருக்காது.

திங்கட்கிழமை

மாலை 6:15 – செந்தில்
ரவுட்டரிலும் இணையதளத்திலும் இப்போது ஒரே எண் தெரிகிறது. டிவிஆரின் பழைய கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன், போர்ட் ஃபார்வர்டிங்கை நீக்கிவிட்டேன், பெரியப்பாவின் கைபேசிக்கு வயர்கார்டு அமைப்பையும் அனுப்பியிருக்கிறேன்.

மாலை 6:31 – பெரியப்பா
வாசலும் கொல்லையும் தெளிவாகத் தெரிகின்றன. அம்மா திண்ணையில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருக்கிறார்.

மாலை 6:33 – முகிலன்
மகிழ்ச்சி, பெரியப்பா. செந்தில், கிளம்புவதற்கு முன் ரவுட்டரை ஐந்து நிமிடம் அணைத்து வைத்துவிட்டு மறுபடி போடு. அதே எண் திரும்பி வந்தால்தான் அது ஸ்டாடிக்.

மாலை 6:44 – செந்தில்
அதே எண்தான் வந்திருக்கிறது, அண்ணா.