ஒரே பீரோவில் இருந்த இரண்டு பிரதிகள்

2015 டிசம்பர் 1 ராத்திரி, சென்னைக்குப் பக்கத்தில் முடிச்சூரில் எங்கள் வீட்டுக்குள் அடையாற்றுத் தண்ணீர் வந்தது. அம்மாவை மாடி வீட்டுக்காரர்கள் மேலே கூட்டிப்போய்விட்டார்கள். நான் பெங்களூரில் இருந்தேன், நான்கு நாள் கழித்துத்தான் வீட்டுக்குள் கால் வைக்க முடிந்தது. சுவரில் இடுப்புயரத்துக்குக் கறை. பீரோவின் கீழ்த்தட்டு முழுக்கச் சேறு.

அந்தத் தட்டில்தான் அப்பாவின் படங்கள் இருந்தன. 2004-ல் முதல் டிஜிட்டல் கேமரா வாங்கியதிலிருந்து 2011-ல் அப்பா போகும்வரை எடுத்தவை. ஒரு ஹார்டு டிஸ்கில் ஒரு பிரதி, சிடி, டிவிடிகளில் இன்னொரு பிரதி. இரண்டு பிரதி இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். இரண்டும் ஒரே தட்டில் ஒட்டி ஒட்டி இருந்தன என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஹார்டு டிஸ்கைத் துடைத்து, இரண்டு நாள் வெயிலில் வைத்து, லேப்டாப்பில் சொருகினேன். டிக் டிக் என்று சத்தம் வந்தது. மனசு கேட்காமல் மூன்று தடவை சொருகிப் பார்த்தேன். அப்புறம் தரவு மீட்கும் இடத்துக்குக் கொண்டுபோனபோது விளக்கினார்கள்: டிஸ்கில் காற்றழுத்தம் சமமாக இருக்க ஒரு சின்னத் துளை உண்டு. அதன் வழியே சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. காய்ந்த மண்ணோடு, டிஸ்குக்குள் படங்கள் பதிந்திருக்கும் தட்டு சுழன்றதும் படிக்கும் முனை தட்டையே சுரண்டிவிட்டது. கரண்டு கொடுக்காமல், ஈரத்தோடு அப்படியே கொண்டுவந்திருந்தால் வாய்ப்பு இருந்திருக்குமாம். உங்களுக்கு இப்படி நேர்ந்தால் தயவுசெய்து காயவைக்காதீர்கள், சொருகியும் பார்க்காதீர்கள்.

சிடி, டிவிடிகளை நல்ல தண்ணீரில் அலசி, நடுவிலிருந்து விளிம்புப் பக்கமாகத் துடைத்து, நிழலில் உலர்த்தினேன். டிவிடிகள் ஏறக்குறைய எல்லாமே ஓடின. சிடிகளில் பாதிக்கு மேல் போய்விட்டது. டிவிடியில் பதிவுப் படலம் இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளுக்கு நடுவே இருக்கிறது. சிடியில் அது நாம் பேனாவால் பெயர் எழுதும் பக்கத்தில், மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. பூச்சு உரிந்தால் படமும் கூடவே உரிந்துவிடும். எங்களிடம் 2004 முதல் 2006 வரை எல்லாம் சிடிதான்.

அந்த வருடங்களில் கொஞ்சமாவது திரும்பக் கிடைத்தது அக்காவால். அப்போது அவள் ஆர்குட் என்ற சமூக வலைத்தளத்தில் படம் படமாகப் போட்டிருந்தாள். ஆர்குட்டை 2014 செப்டம்பர் 30-ல் மூடிவிட்டார்கள். ஆனால் பழைய படங்களை இறக்கிக்கொள்ள 2016 செப்டம்பர் வரை கூகுள் வழி வைத்திருந்தது. 2016 பொங்கல் லீவில் அக்கா உட்கார்ந்து இறக்கினாள். எல்லாம் சின்னச் சின்னப் படங்கள், பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரியும். அதில் ஒன்றில் மொட்டை மாடியில் அம்மா வடாம் பிழிகிறாள், அப்பா குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். அதன் ஒரிஜினல் இனி எங்கேயும் இல்லை.

பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 கணக்கு ஒன்று உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒரு பிரதி வேறு இடத்தில். எனக்கு அந்தக் கடைசி ஒன்றுதான் முதலில். இப்போது என்னிடம் ஒரு டிஸ்க், திருச்சியில் அக்காவிடம் ஒரு டிஸ்க், கிளவுடில் ஒரு பிரதி. ஒவ்வொரு பொங்கலுக்கும் இரண்டு டிஸ்கையும் மாற்றிக்கொள்கிறோம். அன்றைக்கு அங்கங்கே இருபது படங்களைத் திறந்தும் பார்த்துவிடுவோம்.

உங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்கள்.

*

கோவையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் எதுவும் உடையவில்லை, நனையவில்லை. மாமனாரின் போன் இன்னும் நன்றாகவே இருக்கிறது, திறக்கத்தான் முடியவில்லை. பின் நம்பர் அவரோடு போய்விட்டது. கிளவுடில் இருக்குமே என்று அத்தையின் உதவியோடு அவருடைய கூகுள் கணக்கைத் திறந்தோம். படங்கள் பாதியிலேயே நின்றிருந்தன. இலவச 15 ஜிபி நிறைந்துபோயிருந்தது. மெயில், படம், கோப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 15 என்று எங்களில் யாரும் கவனிக்கவில்லை, தவறு எங்களுடையது. குட் மார்னிங் வீடியோக்களே பெரும்பகுதி.

பேத்தியின் காது குத்துப் படங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மட்டும் மிஞ்சின. அளவு சுருங்கி, எடுத்த தேதியும் இல்லாமல். அதனால் முக்கியமான படத்தை இப்போது டாக்குமெண்ட்டாகத்தான் அனுப்புகிறோம், அப்படி அனுப்பினால் ஒரிஜினல் அப்படியே போகும். இன்னொன்று, இரண்டு வருடம் யாரும் தொடாத கணக்கை கூகுள் நீக்கிவிடலாம். அதற்கு முன்பே யாரிடம் படங்களை ஒப்படைப்பது என்று குறித்துவைக்க அமைப்புகளில் இடம் இருக்கிறது. நான் மனைவியைக் குறித்துவிட்டேன், அவள் என்னை.

*

எங்களுக்கு யாழ்ப்பாணத்துக் கோண்டாவில். 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பக்கம் நடந்தபோது அல்பங்கள் அலுமாரியிலேயே இருந்தன. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லை.

ஆனால் அம்மம்மா எண்பதுகளில் ரொறன்ரோவில் இருந்த சித்தப்பாவுக்குக் கடிதத்தோடு படங்களையும் வைத்து அனுப்புவா. அக்காவின் சாமத்தியவீடு, மாமாவின் கலியாணம், கிணற்றடியில் நாங்கள் எல்லாரும். பாதுகாக்க வேண்டும் என்று நினைத்து அனுப்பியதில்லை, பிள்ளை பார்க்கட்டும் என்றுதான். இன்று எங்களிடம் மிஞ்சியிருப்பது அந்த 44 படங்கள்.

சித்தப்பாவின் மகள் அவற்றை 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற கணக்கில், ஸ்கான் செய்தாள். பின்பக்கத்தையும் எடுக்கச் சொன்னேன். அம்மம்மாவின் நீல மைப் பேனா எழுத்தில் ஆர் ஆர் நிற்கிறார்கள் என்று அங்கேதான் இருக்கிறது. போனில் எடுக்கும் படத்துக்குப் பின்பக்கம் கிடையாதே. அதனால் பெயர், ஊர், வருடத்தைப் படக் கோப்பின் விளக்கக் குறிப்புக்குள்ளேயே தட்டுகிறேன். சில மென்பொருட்கள் அதைக் காட்டாது என்பதால் அதே கோப்புறையில் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பிலும் எழுதிவைக்கிறேன்.

பின்பக்கம் எழுதாத படங்களுக்குப் பெரியம்மாதான் துணை. அவவுக்கு 86 வயது. மடிக்கணினியில் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டினால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இது சின்னராசா வீட்டுக் கடைக்குட்டியெல்லோ" என்பா. 41 படங்கள் முடிந்துவிட்டன. மாமாவின் கலியாணப் படங்கள் மூன்றில் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு பொடியனை மட்டும் இன்னும் பெரியம்மாவுக்கும் தெரியவில்லை.