மீனை ஏலம் கேட்டால் 5,000 அபராதம்: இது பேச்சா, குற்றமா?

நண்டுவலை:
ஊர்ப் பெயர் வேண்டாம். மண்டபத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில், வடகடல் ஓரத்தில் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நாலு வீட்டுக்காரர்கள் சில வருடங்களுக்கு முன் வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, மாறினார்கள். இந்த வருடம் முளைப்பாரித் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கேட்டபோது, தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாம் நாள், ஏலக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு. 1 நிமிடம் 40 விநாடி. முதல் பாதி வசவு, அவர்கள் சாமியையும் வீட்டுப் பெண்களையும் சேர்த்து. மறுபாதியில்தான் விஷயம். அந்த நாலு வீட்டு மீனை எவன் ஏலம் கேட்டாலும் 5,000 அபராதம், கேட்டவனையும் ஊர் தள்ளிவைக்கும்.

மறுநாள் விடியற்காலையில் அந்த நாலு வீட்டில் ஒரு வீட்டு அக்கா தார்ப்பாயில் நண்டைக் கொட்டினார். முப்பது கிலோ இருக்கும், எல்லாம் உயிர் நண்டு. ஏலக்காரர் வழக்கமான விலையில் ஆரம்பித்தார். ஒருவர் வாயும் திறக்கவில்லை. பாதிக்கு இறக்கினார், அப்புறம் அதிலும் பாதிக்கு. எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு நண்டு தார்ப்பாயை விட்டு நகர்ந்து வந்து என் செருப்பின் மேல் காலை வைத்தது. நான் காலை எடுத்துக்கொண்டேன். ஆமாம், நானும் கேட்கவில்லை. கடைசியில் உச்சிப்புளிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வண்டிக்காரர் அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொண்டு போனார்.

கர்நாடகச் சட்டமன்றம் வெறுப்புப் பேச்சு, வெறுப்புக் குற்றம் இரண்டுக்கும் சேர்த்து ஒரு தனி மசோதாவை 2025 டிசம்பரில் நிறைவேற்றியது. நமக்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வாருங்கள்.

கீழக்கரைக்_காக்கா:
வந்துவிட்டேன். எனக்கு வேண்டாம்.

என் தம்பி கதையைச் சொல்கிறேன். தேர்தல் நேரத்தில் யாரோ போட்ட ஒரு கேலிப்படத்தை ஸ்டேட்டஸில் வைத்தான். வரைந்தது அவன் இல்லை, எழுதியதும் அவன் இல்லை. இரு பிரிவினரிடையே பகைமை வளர்த்ததாக வழக்கு. அப்போது அது இந்திய தண்டனைச் சட்டத்தின் 153ஏ. பதினோரு நாள் உள்ளே இருந்தான். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். அதன் பிறகு குற்றப்பத்திரிகையும் இல்லை, விடுதலையும் இல்லை. துபாயில் வேலை கிடைத்தது, போலீஸ் சான்று கேட்டார்கள். வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த வேலை போனது. இப்போது எங்கள் தெருமுனையில் ஒருவர் கடையில் ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருக்கிறான்.

அந்தப் பிரிவு யாரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? எங்களைப் போன்றவர்களைத்தான். முதலில் வந்து விழுந்ததும் எங்கள் வீட்டில்தான்.

முதுகுளத்தூர்_பஸ்:
தம்பிக்கு நடந்தது அநியாயம், சரி. ஆனால் மருந்தைத் தப்பாகக் கொடுத்தான் என்பதற்காக மருந்துக்கடையையே மூடச் சொல்கிறீர்கள். 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும் முன், எங்கள் ஆட்களைச் சாதிப் பெயர் சொல்லி நடுத்தெருவில் திட்டினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. இன்றைக்கும் திட்டுகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் திட்டுகிறவன் முதலில் யார் நிற்கிறார்கள், யார் கையில் போன் இருக்கிறது என்று ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறான். அந்த ஒரு திரும்பல் சட்டம் கொடுத்தது.

சும்மா_ஒருவன்:
எல்லாம் ஓட்டுக்குத்தான். நண்டு விலை என்ன இப்போது?

ராம்நாடு_வக்கீலம்மா:
நண்டு விலையைத் தனித் திரியில் கேளுங்கள்.

காக்கா சொன்ன 153ஏ இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 196. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. மூன்று வருடம் வரை சிறை, வழிபாட்டு இடத்தில் செய்தால் ஐந்து வரை. இதில் ஒரு முடிச்சு உண்டு. மத்திய அரசோ மாநில அரசோ முன் அனுமதி கொடுக்காமல் நீதிமன்றம் இதை விசாரணைக்கே எடுக்க முடியாது. கைது செய்ய அந்த அனுமதி தேவையில்லை. அதனால் பிடிப்பது ஒரே ராத்திரியில் முடிகிறது, வழக்கு நடப்பது அனுமதிக்காக வருடக்கணக்கில் தூங்குகிறது. காக்காவின் தம்பி மாட்டிக்கொண்டது அந்த இடைவெளியில்.

ஒரு கவிதைப் பதிவுக்காகக் காங்கிரஸ்காரர் இம்ரான் பிரதாப்கடி மீது குஜராத்தில் போட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் ரத்து செய்தது. மூன்று முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள பேச்சுக் குற்றம் என்றால், முதலில் 14 நாளுக்குள் ஒரு முதற்கட்ட விசாரணை செய்துவிட்டுப் பதிவு செய்வதே சரி என்றது. சட்டென்று புண்படுகிற மனதை வைத்துச் சொல்லை அளக்கக் கூடாது, திடமான மனமுள்ளவர் காதால் கேட்க வேண்டும் என்றும் சொன்னது.

இப்போது நண்டுவலை சொன்ன வழக்கு. அந்த நாலு வீடும் மாறுவதற்கு முன் அட்டவணைச் சாதியா?

நண்டுவலை:
ஆமாம்.

ராம்நாடு_வக்கீலம்மா:
அதுதான் சங்கடம். வன்கொடுமைச் சட்டத்தில் 2015 திருத்தம் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைத் தனிக் குற்றமாகவே சேர்த்தது. மிரட்டினாலே போதும். ஆனால் 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி அட்டவணைச் சாதி என்பது இந்துக்களுக்கு மட்டும். 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவர் இல்லை. அதே அக்கா, அதே தெரு, அதே வசவு. ஞானஸ்நானத் தண்ணீர் காய்ந்ததும் அந்தச் சட்டம் கழன்றுவிடுகிறது.

முதுகுளத்தூர்_பஸ்:
திட்டுகிறவனுக்கு மட்டும் சாதி கழலுவதில்லை, பாருங்கள்.

கீழக்கரைக்_காக்கா:
வக்கீலம்மா, நீங்களே எனக்கு வாதம் எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். புறக்கணிப்பு என்கிற செயல் குற்றம், அபராதம் போட்டு மிரட்டுவது குற்றம். அதைப் பிடியுங்கள், எனக்கு மறுப்பே இல்லை. எந்த மதத்துக்காரருக்கும் செல்லும்படி அந்த ஒரு பிரிவை விரித்து எழுதுங்கள், நானே கையெழுத்து வாங்கித் தருகிறேன். ஏன் பேச்சுக்குள் கையை விடுகிறீர்கள்? முதல் பாதி வசவு வெறும் அசிங்கம். கேட்டால் காது கூசும், அவ்வளவுதான். இரண்டாம் பாதிதான் அந்த அக்கா அடுப்பில் தண்ணீர் ஊற்றியது.

முதுகுளத்தூர்_பஸ்:
முதல் பாதி இல்லாமல் இரண்டாம் பாதி எடுபட்டிருக்குமா, காக்கா? சும்மா “வாங்காதே” என்றால் ஏன் என்று நாலு பேர் கேட்டிருப்பார்கள். முதலில் அவர்களை மனிதரில்லை என்று ஆக்கிவிட்டுத்தான் வாங்காதே என்றார். காதில் ஏறிய அசிங்கம்தான் நண்டுவலை அண்ணன் காலை இழுத்துக்கொள்ள வைத்தது.

நண்டுவலை:
இல்லை. பொய் சொல்லக்கூடாது. என்னைப் பிடித்து நிறுத்தியது 5,000 ரூபாய்.

முதுகுளத்தூர்_பஸ்:
நேர்மைக்கு நன்றி அண்ணே. என் வாதத்தைக் கெடுத்துவிட்டீர்கள்.

சிங்கப்பூர்ச்_சேது:
இங்கே 1990-லேயே மத நல்லிணக்கத்துக்கு என்று தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். பள்ளிவாசல், கோயில், சர்ச் ஒரே சாலையில் இருக்கின்றன, பிரச்சினை இல்லை. நம் ஆட்களுக்கு அடி கொடுத்தால்தான் புத்தி வரும்.

கீழக்கரைக்_காக்கா:
மச்சான், உங்கள் ஊரில் ஒற்றை ஆள் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நிற்கவும் போலீஸ் அனுமதி வேண்டும். அதையும் சேர்த்து இறக்குமதி செய்வோமா? இங்கே மீனவர்கள் வாரம் ஒரு தடவை பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ மறியல் பண்ணுகிறார்கள். சிங்கப்பூர்ச் சட்டம் வந்தால் முதலில் அவர்களைத்தான் வண்டியில் ஏற்றுவார்கள்.

பேச்சைத் தடுக்கும் ஆசை நம் அரசுகளுக்கு இன்று நேற்று வந்ததில்லை. 1950-இல் ரொமேஷ் தாப்பரின் வார இதழை உள்ளே விடமாட்டோம் என்று தடை போட்டது நம்முடைய சென்னை மாகாண அரசு. உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. மறு வருடமே அரசியலமைப்பைத் திருத்திப் பொது ஒழுங்கு என்ற சொல்லைப் பேச்சுரிமை தரும் பத்தொன்பதாம் பிரிவுக்குள் நுழைத்தார்கள். அந்த ஒரு சொல்லில்தான் இன்றுவரை எல்லாம் தொங்குகிறது.

ஓய்வு_ஏட்டு:
முப்பத்தொரு வருடம் சட்டையைப் போட்டவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை.

செப்டம்பர் 11 பரமக்குடியில் தலித் தலைவர் இம்மானுவேல் சேகரன் நினைவு நாள். அக்டோபர் 30 பசும்பொன்னில் முத்துராமலிங்கத் தேவர் குருபூஜை. இரண்டும் முடியும் வரை மாவட்டம் தடை உத்தரவில்தான் இருக்கும். வாடகை வண்டியில் வரக்கூடாது, கூரை மேல் ஏறக்கூடாது, கோஷம் போடக்கூடாது. செக்போஸ்டில் நின்று எத்தனை ஸ்பீக்கர் பெட்டியைக் கழற்றி வாங்கி வைத்திருப்பேன் தெரியுமா? பாட்டுத்தான். மூன்று நிமிடப் பாட்டு. பக்கத்துத் தெருவைத் தாண்டும்போது ஒலியை ஏற்றுவான். அந்த இடத்தில் கல் விழும். சொல் வெறும் சொல்தான் என்று சொல்கிறவர்களை அந்த முக்கில் ஒரு நாள் நிறுத்தி வைக்க வேண்டும்.

1957 முதுகுளத்தூர் சாதிக் கலவரத்தை நினைத்துப் பாருங்கள். முதுகுளத்தூரில் ஆட்சியர் கூட்டிய சமாதானக் கூட்டம் செப்டம்பர் 10-ஆம் தேதி. மறுநாள் இரவு பரமக்குடியில் இம்மானுவேல் சேகரனைக் கொன்றார்கள். செப்டம்பர் 14 கீழத்தூவலில் போலீஸ் துப்பாக்கியில் ஐந்து பேர் செத்தார்கள். நாலே நாள்.

முதுகுளத்தூர்_பஸ்:
ஏட்டையா, 2011 செப்டம்பர் 11-ஐ விட்டுவிட்டீர்களே. பரமக்குடி ஐந்துமுனைச் சாலை. சுட்டது யார் என்றும் சொல்லிவிடுங்கள்.

ஓய்வு_ஏட்டு:
விடவில்லை. அன்றைக்கு எனக்குப் பணி ராமேசுவரத்தில். அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்திருக்கிறேன். அதை இங்கே எழுத வேண்டாம்.

கீழக்கரைக்_காக்கா:
ஏட்டையா சொன்ன ஸ்பீக்கர் விஷயத்தை ஏற்கிறேன். அந்த முக்கில், அந்த நேரத்தில், கல் கையில் இருக்கும்போது ஒலியை ஏற்றுவது அடிதடிக்குத் தீ வைப்பது. ஸ்டேட்டஸில் படம் வைப்பதும் அதுவும் ஒன்றா?

நம் தீவிலேயே ஒரு கதை உண்டு. ராமேசுவரம் பள்ளியில் சின்ன வயது அப்துல் கலாம், கோயில் அர்ச்சகர் மகன் பக்கத்தில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். புதிதாக வந்த ஆசிரியர் அவரைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். அர்ச்சகர் லட்சுமண சாஸ்திரி ஆசிரியரைக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேள், இல்லையென்றால் ஊரை விட்டுப் போ என்றார். எந்தப் பிரிவில் வழக்குப் போட்டார்கள்? ஊர் பார்த்துக்கொண்டது.

முதுகுளத்தூர்_பஸ்:
கலாமின் அப்பாவுக்கு அர்ச்சகர் நண்பர். சரி. அந்த நாலு வீட்டுக்கு எந்த அர்ச்சகர் நண்பர்? ஊர் பார்த்துக்கொள்ளும் என்கிறீர்கள். அந்த ஊர்தானே அபராதம் போட்டது!

கீழக்கரைக்_காக்கா:
அடி பலமாக விழுந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோர்ட்டும் எப்போதும் மெலிந்தவன் பக்கம் நின்றதில்லை. 1897-இல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் போனார்கள். ராமநாதபுரம் ராஜா சேதுபதி வழக்குப் போட்டார். அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-இல் நாடார்கள் தோற்றார்கள். சட்டம் ஊர்க் கட்டுப்பாட்டுக்கு முத்திரை குத்திக் கொடுத்தது.

ராம்நாடு_வக்கீலம்மா:
அந்தச் சட்டத்தைப் பிறகு மாற்றினோமா இல்லையா? கமுதி காக்காவுக்குச் சாட்சி இல்லை, எனக்குத்தான்.

இருவரும் இரண்டு வேறு விஷயத்தை ஒன்றாகக் குழப்புகிறீர்கள். வெறுப்புப் பேச்சு வேறு, வெறுப்புக் குற்றம் வேறு. அமெரிக்காவில் இந்தக் கோட்டைத் தெளிவாகக் கிழித்தார்கள். ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வேலிக்குள் சிலுவையைக் கொளுத்திய வழக்கில், வெறுப்புச் சின்னத்தைத் தடுத்த நகரச் சட்டம் செல்லாது என்று 1992-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு. அடுத்த வருடமே, நிறம் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுத்து அடித்தவனுக்குக் கூடுதல் தண்டனை செல்லும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. எண்ணத்துக்குத் தண்டனை இல்லை, அந்த எண்ணத்தோடு செய்த அடிக்கு அதிகத் தண்டனை.

நம் நியாய சன்ஹிதாவிலும் 103(2) இருக்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடி இனம், சாதி, மொழி, நம்பிக்கை பார்த்துக் கொன்றால் தூக்கு அல்லது ஆயுள். ஆனால் கொன்றால்தான். நண்டைக் கேட்காமல் நின்றால் ஒன்றுமில்லை.

சிங்கப்பூர்ச்_சேது:
இப்போது அந்த அக்கா என்ன செய்கிறார்?

நண்டுவலை:
விடியும் முன் எடுத்துக்கொண்டு நேராகப் பஸ் ஏறி ராம்நாடு போகிறார். பாதி ஐஸ் வழியிலேயே கரைந்துவிடுகிறது. போலீசில் மனு கொடுக்கலாம் என்று அவர் வீட்டுக்காரர் சொல்கிறார். சிக்கல் என்னவென்றால், நேற்று ராத்திரி குழுவிலிருந்து அந்தக் குரல் பதிவை எல்லோருக்குமாக அழித்துவிட்டார்கள். நான் சேமித்து வைக்கவில்லை.

கீழக்கரைக்_காக்கா:
அந்தக் குழுவில் என் சகலையும் இருக்கிறார், நண்டுக் கம்பெனிக்கு எடுப்பவர். அன்றைக்கே எனக்கு அனுப்பினார். என்னிடம் இருக்கிறது.

ராம்நாடு_வக்கீலம்மா:
அழிக்காதீர்கள். அவருடைய போனிலும் இருந்தால் இன்னும் நல்லது. மின்னணுச் சாட்சியத்துக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும், போனோடு வரச் சொல்லுங்கள்.

கீழக்கரைக்_காக்கா:
தருகிறேன். ஒரு நிபந்தனை. மிரட்டல், அபராதம், வியாபாரத்தை முடக்கியது, இதை மட்டும் எழுதுங்கள். 196 என்று எழுதினால் தரமாட்டேன். அந்தப் பிரிவில் இன்னொரு பையன் உள்ளே போக என் கையால் சாட்சி கொடுக்க முடியாது, அவன் எவ்வளவு கேவலமாகப் பேசியிருந்தாலும்.

நண்டுவலை:
மனுவை நீங்கள் சொன்னபடியே எழுதலாம் காக்கா. பிரிவை எழுதுவது நாங்கள் இல்லையே, ஸ்டேஷனில்.

கீழக்கரைக்_காக்கா:
அதைத்தான் முதல் பதிவிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.