சுவர் ஏறும் மகள், சாப்பாட்டைக் குறைக்கிறாள்: உதவி தேவை

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் பெங்களூரில் இருக்கிறோம். என் மகளுக்கு 15 வயது. நான்கு வருடமாக ஸ்போர்ட் கிளைம்பிங் பயிற்சி எடுக்கிறாள். கயிறு கட்டி உயரச் சுவரில் ஏறும் லீட், கயிறில்லாமல் தாழ்வான சுவரில் ஏறும் போல்டரிங் இரண்டும் உண்டு.

மூன்று மாதம் முன்பு பயிற்சியாளர், "மூணு கிலோ குறைச்சா இன்னும் மேல போயிடுவ" என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து இரவில் சோற்றைத் தொடுவதில்லை. இரண்டு மாதமாக மாதவிடாயும் வரவில்லை. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர், இந்த வயதில் முன்னே பின்னே ஆகும் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. செலவாகும் சக்திக்கு ஏற்ற உணவு உள்ளே போகாவிட்டால் மாதவிடாய் நிற்கும், எலும்பும் பலவீனமாகும். இதை ரெட்-எஸ் என்கிறார்கள். டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற ஸ்லோவேனியாவின் கிளைம்பிங் வீராங்கனை யான்யா கார்ன்பிரெட்டே இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். மகள் அறையில் அவர் படம்தான் ஒட்டியிருக்கிறது!

சரி, எனக்குத் தேவையானவை இவை. விளையாட்டு வீராங்கனைகளைப் பார்த்துப் பழக்கமுள்ள மகளிர் மருத்துவரோ உணவு ஆலோசகரோ பெங்களூரில் இருந்தால் சொல்லுங்கள். என்னென்ன பரிசோதனை கேட்க வேண்டும்? அப்புறம், பயிற்சியாளரிடம் எப்படிப் பேசுவது? அவர் கெட்டவர் இல்லை, அவளுக்காக நிறைய உழைத்தவர். சண்டையாகிவிட்டால் அவள் ஏறுவதையே விட்டுவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

கிளைம்பிங், ஜிம்னாஸ்டிக்ஸ், ஓட்டம் என எதிலாவது பெண் பிள்ளைகளை வளர்த்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். இந்தச் சனிக்கிழமை பயிற்சியாளரைச் சந்திக்கிறேன்.