திருவல்லிக்கேணில வாழ்ந்த பிரபலங்கள்: வாட்ஸப்ல சுத்துற லிஸ்ட் எவ்ளோ உண்மை?

தெருக்கோடிவீடு:
எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பார்ட்மென்ட் அசோசியேஷன்ல ஆண்டு மலர் போடுறாங்க, "நம்ம பேட்டையில் வாழ்ந்த பெரியோர்"னு ஒரு பக்கத்த என் தலைல கட்டிட்டாங்க. கைல இருக்கறது வாட்ஸப்ல ரொம்ப நாளா சுத்துற ஒரு லிஸ்ட்தான். பாரதியார், ராமானுஜன், விவேகானந்தர், நோபல் வாங்குன சந்திரசேகர், எழுத்தாளர் சுஜாதா. இதுல பாரதியும் ராமானுஜனும் ரெண்டு தெரு தள்ளி குடியிருந்தாங்க, சாயங்காலமானா பார்த்தசாரதி கோயில் குளத்தாண்ட உக்காந்து பேசுவாங்கன்னு வேற போட்டிருக்கு. படிக்க நல்லாதான் இருக்கு, ஆனா அச்சுல போட்டா பேர் நமக்குல்ல கெடும். விஷயம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ்.

நூலகப்பூச்சி:
குளத்தாண்ட பேசுன கதைய மொதல்ல தூக்கிடுங்க சார். ரெண்டு பேரும் திருவல்லிக்கேணிக்காரங்கதான், ஆனா ஒரே சமயத்துல இல்ல. பாரதி 1908லயே பாண்டிச்சேரி போயிட்டாரு, பத்து வருஷம் அங்கதான். ராமானுஜன் மெட்ராஸ்ல வேலை தேடி அலைஞ்சது, 1912ல போர்ட் ட்ரஸ்ட்ல மாசம் 30 ரூபாய்க்கு குமாஸ்தாவா சேந்தது, 1913 ஜனவரில இங்கிலாந்து கணித மேதை ஹார்டிக்கு லெட்டர் போட்டது எல்லாமே பாரதி பாண்டிச்சேரில இருந்தப்போ நடந்தது. 1914 மார்ச்சுல ராமானுஜன் கப்பல் ஏறிட்டாரு. உடம்பு கெட்டு 1919ல திரும்பி வந்து 1920 ஏப்ரல்ல இறந்துட்டாரு, அதுவும் சேத்துப்பட்டு வீட்ல, திருவல்லிக்கேணில இல்ல. பாரதி சுதேசமித்திரன் பத்திரிகைல மறுபடி சேர மெட்ராஸ் வந்தது அதே 1920 கடைசில. அதாவது ஒருத்தர் போய்ச் சேந்தப்பறம்தான் இன்னொருத்தர் மறுபடி குடியே வர்றாரு, எங்க உக்காந்து பேசுறது?

பாரதி இருந்தது துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு, கோயிலுக்கு ரொம்பப் பக்கம், இப்ப அரசாங்கம் நினைவு இல்லமா வெச்சிருக்கற அதே வீடு. யானை கதையையும் பாத்து எழுதுங்க, யானை அடிச்சு செத்துட்டாருன்னே பாதிப்பேர் நெனச்சிட்டிருக்காங்க. கோயில் யானைக்கு வழக்கமா தேங்கா பழம் குடுக்கறவரு, அன்னிக்கு அதுக்கு மதம் புடிச்சிருந்திருக்கு, கிட்ட போனவர தள்ளி விட்டுருச்சு, அதோட காலுக்கு நடுவுல விழுந்து கெடந்தவர அவரோட நண்பர் குவளைக்கண்ணன் உள்ள பூந்து வெளிய இழுத்துட்டு வந்தாரு. அந்த அடிலேர்ந்து எழுந்து ஈரோடு கருங்கல்பாளையம் போயி கூட்டத்துல பேசிட்டு வந்தாரு மனுஷன்! அப்பறம் வயித்துக்கடுப்பு வந்து 1921 செப்டம்பர் 11 ராத்திரி நடுநிசி தாண்டி உயிர் போச்சு. யானை ஒரு காரணம்னு வேணா சொல்லலாம், யானை கொன்னுச்சுன்னு எழுதாதீங்க.

மேன்ஷன்வாசி:
விவேகானந்தர் "வாழ்ந்தார்"னு போடுறதுதான் சிரிப்பு. 1897 பிப்ரவரில ஐஸ் ஹவுஸ்ல ஒம்போது நாள் தங்குனாரு, அவ்ளோதான். ஒம்போது நாள் தங்குனா வாழ்ந்ததுன்னா நானெல்லாம் இந்தப் பேட்டையோட மூத்த குடிமகன் 😂 உண்மைல இங்கயே இருந்தவரு அளசிங்கப் பெருமாள்னு ஒரு வாத்தியாரு. விவேகானந்தர் சிகாகோ போக காசு வேணும்னதும் வீடு வீடா ஏறி வசூல் பண்ணவரு அவருதான். லிஸ்ட்ல ஆளையே காணோம் பாருங்க.

சேப்பாக்கம்கேலரி:
சந்திரசேகர் படிச்சதுதான் இங்க, பெரிய தெரு ஹிந்து ஹைஸ்கூல்ல 1922லேர்ந்து 25 வரைக்கும். குடும்ப வீடு மயிலாப்பூர், அவங்ககிட்டேர்ந்து நாம திருடக்கூடாது. சுஜாதா பொறந்தது இங்க, வளந்தது ஸ்ரீரங்கம், அதனால "பிறந்தார்"னு போடுங்க போதும். இவங்கள விட நியாயமா சேக்கவேண்டிய ஆளு எம்.ஜே.கோபாலன். ரஞ்சி டிராஃபியோட மொத மேட்ச், 1934ல சேப்பாக்கத்துல மெட்ராஸ் மைசூர் ஆடுனது, அதுல மொத பந்து போட்டவரு. ஹாக்கிலயும் இந்தியாவுக்கு ஆடுனவரு. 1936ல பெர்லின் ஒலிம்பிக்ஸ் ஹாக்கியா, இங்கிலாந்து கிரிக்கெட் டூரான்னு வந்தப்போ கிரிக்கெட்டுக்குப் போனாரு, ஹாக்கி டீம் தங்கத்தோட வந்துச்சு, இவருக்கு அந்த டூர்ல ஒரு டெஸ்ட் கூட கெடைக்கல. பாவம்.

பழையபேப்பர்:
எல்லாரும் சொல்றது சரி, ஆனா ஒருத்தர யாருமே சொல்லல. ராமானுஜன் வீட்டம்மா ஜானகி அம்மாள்.

1913ல ராமானுஜனுக்கு யுனிவர்சிட்டி ஸ்காலர்ஷிப் மாசம் 75 ரூபாய் கெடச்சப்பறம் அனுமந்தராயன் கோயில் தெருவுல அம்மா, மனைவியோட இருந்தாரு, அங்கேர்ந்துதான் மறு வருஷம் கப்பல் ஏறுனது. பேப்பர் வாங்க கட்டுப்படியாகாதுன்னு சிலேட்டுல போட்டு, துணி எடுக்க கூட நேரமில்லாம முழங்கையாலயே அழிச்சு அழிச்சு எழுதுன ஆளு. அவரு திருவல்லிக்கேணில இருந்தத எல்லாம் கூட்டுனா கூட கொஞ்ச வருஷம்தான் வரும். அந்தம்மா? புருஷன் போனப்போ இருபத்தொண்ணு வயசுதான். பாம்பேல கொஞ்ச வருஷம் அண்ணன் வீட்ல இருந்துட்டு, தையலும் கொஞ்சம் இங்கிலீஷும் கத்துக்கிட்டு 1931ல மெட்ராஸ் வந்து திருவல்லிக்கேணிலயே குடி வெச்சாங்க. யுனிவர்சிட்டி குடுத்த சின்ன பென்ஷனும் தையல் மெஷினும்தான் வருமானம். ஒரு பையன எடுத்து வளத்து படிக்கவெச்சு ஆளாக்குனாங்க. 1994ல போனாங்க, கணக்கு போட்டா அறுபது வருஷத்துக்கு மேல வருது. எங்க வீட்டுக்காரருக்கு ஒரு சிலை வெக்கறேன்னாங்களே, இன்னும் வரலியேன்னு அவங்க சொன்னது வெளிநாட்டு கணித ப்ரொஃபசர்ங்க காதுக்குப் போயி, அவங்கள்ளாம் பணம் போட்டு அமெரிக்க சிற்பி ஒருத்தர வெச்சு வெங்கலத்துல மார்பளவு சிலை செஞ்சு குடுத்தாங்க. வாழ்ந்தவங்கன்னு தலைப்பு வெச்சுட்டு இவங்கள விட்டா எப்டி?

நூலகப்பூச்சி:
@பழையபேப்பர் நல்லா சொன்னீங்க. இன்னொண்ணு, லிஸ்ட் முழுக்க கோயிலச் சுத்தியே இருக்கு. திருவல்லிக்கேணி ஹை ரோட்ல அந்தப் பெரிய வாலாஜா மசூதி 1795லேர்ந்து நிக்குது, அது யாரோட குடும்பம் கட்டுனது? ஆற்காடு நவாப் முகமது அலி குடும்பம். அவரு சேப்பாக்கம் அரண்மனைல குடிவந்தது 1760கள் கடைசில, அதுவே நூறு வருஷத்துக்கு மேல இவங்க எல்லாருக்கும் முன்னாடி. 1855ல கடைசி நவாப் வாரிசில்லாம இறந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் நவாப் பட்டம் கெடயாதுன்னுட்டான், அரண்மனையும் கைமாறிடுச்சு. 1876லேர்ந்து அந்தக் குடும்பம் அமீர் மஹால்ல இருக்கு. ராயப்பேட்டைக்காரங்க அது எங்க ஏரியான்னு சண்டைக்கு வருவாங்க, அத அவங்களுக்கே விட்ருங்க, அரண்மனைய மட்டும் எடுத்துக்கங்க.

தெருக்கோடிவீடு:
அடேங்கப்பா, நான் அஞ்சு பேர சரிபாக்க வந்தேன், பாதிப்பேர் போயி புதுசா நாலு பேர் வந்துட்டாங்க. ஒரு பக்கம் பத்தாது போலயே. ஜானகி அம்மாவ மேல போட்டு, பாரதி அடுத்து, அப்பறம் நவாப், அளசிங்கர், கோபாலன்னு போறேன். சந்திரசேகர், சுஜாதாவுக்கு கீழ ஒரே வரி. விவேகானந்தர எடுத்தா மட்டும் எங்க செக்ரெட்டரி ஒத்துக்க மாட்டாரு.

மேன்ஷன்வாசி:
செக்ரெட்டரிகிட்ட "விருந்தினர்"னு ஒரு தனி கட்டம் போட்டுத் தரேன்னு சொல்லுங்க, அடங்கிடுவாரு.