புதுப்பிப்பு: சர்க்கரை இல்லாத மாம்பழக் குச்சி ஐஸ்

சர்க்கரை சேர்க்காமல் பிள்ளைகளுக்குச் செய்யும் மாம்பழக் குச்சி ஐஸ் கல் மாதிரி இறுகுகிறதே என்று முன்பு கேட்டிருந்தேன். வாழைப்பழம் சேர்க்கச் சொன்னவர்களுக்கு ரொம்ப நன்றி, அதுதான் கைகொடுத்தது. சர்க்கரை உறைநிலையைக் குறைப்பதால்தான் கடை ஐஸ் மிருதுவாக இருக்கிறது. இப்போது பங்கனப்பள்ளி விழுது ஒரு கப், புளிக்காத கெட்டித் தயிர் அரை கப், நன்றாகக் கனிந்த வாழைப்பழம் ஒன்று, எல்லாவற்றையும் நைசாக அரைத்து ஊற்றுகிறேன். குளிரில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும். அதனால் கலவை கொஞ்சம் தூக்கலாகவே இனிக்க வேண்டும்.

தேன் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு வேண்டவே வேண்டாம், தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியால் பொட்டுலிசம் என்ற கடுமையான நச்சு நோய் வரும் ஆபத்து உண்டு. உறைய வைத்தாலும் அந்தக் கிருமியின் வித்துகள் சாகாது. அப்புறம், முழுத் திராட்சையும் போடாதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.